பத்துப் பக்கத்துக்கு ஒன்று

ஐஸ் பெட்டியின் ஒரு கால் தரையில் ஊன்றவில்லை. கூடத்தின் மொசைக் அந்த இடத்தில் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. பத்து வருடமாக மதியழகன் சரிசெய்கிறேன், சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பள்ளம். பெட்டி கொண்டுவந்த ஆள் மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே பூர்ணிமாவின் தலை லேசாக அசைந்தது.

"தடிமனா ஏதாச்சும் குடுங்க. அண்டக் குடுக்கணும்," என்றான்.

பூர்ணிமாவின் அண்ணன் வேதாசலம் திமிரியிலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தங்கை வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. சுற்றுமுற்றும் பார்த்தவர், மேஜைமேல் கிடந்த இரண்டு தடித்த புத்தகங்களில் சிவப்பு அட்டை போட்டதை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"மச்சான், அது வேணாம்," என்றார் மதியழகன்.

"புக்குதான மாப்ள? பெட்டி எடுக்கச்சொல்ல எடுத்துக்கலாம்."

"வேணாம் மச்சான். இங்க குடுங்க."

காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான் என்பதால் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேதாசலம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். யாரோ ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுக்குக் கீழே திணித்தார்கள். மதியழகன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். "பாவம், பொண்டாட்டி படிச்ச புக்க உட மாட்டேங்கறாரு," என்று ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அவர் அதைப் பாசத்தில் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. திருடின பொருளை மடியில் வைத்திருப்பவன் எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பானோ அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பூர்ணிமா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். இருபத்தாறு வருட வேலை. மதியழகன் ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கர். பதனிட்டு வந்த தோலைச் சாய்வு மேஜையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கையால் தடவித் தடவிப் பார்ப்பார். உண்ணிக் கடி, முள் கீறல், கம்பி வேலியில் மாடு உரசின தழும்பு என்று எங்கெங்கே குறை இருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளிப் பேனாவால் ஒரு குறி போடுவார். வெட்டுகிறவன் அந்த இடத்தை விட்டு வெட்டுவான். பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பையின் அடியில் வெள்ளி மை கசிந்து, துவைத்தும் போகாத கறை அவருடைய எல்லாச் சட்டைகளிலும் உண்டு.

ஒருநாள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்த பூர்ணிமா, கால் மணி நேரம் அங்கேயே நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"புக்கையும் இப்படிப் பாத்தா இன்னா?"

கல்லூரியில் முதல் வருடத்துக்குப் புதிய பாடப்புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதைப் படித்துப் பார்த்து அறிக்கை கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. கடைசியில் நின்றவை இரண்டு புத்தகங்கள். நீலம் வெளிநாட்டுக்காரர் எழுதியது, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். சிவப்பு நம் ஊர்க்காரர்கள் எழுதியது, வெறும் கோட்டுப்படம். இரண்டும் ஆங்கிலம்தான். படிக்கப்போகிற பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள்.

"எனக்கு எல்லாம் புரியுது. அதான் பேஜாரு," என்றாள் பூர்ணிமா. "தெரிஞ்சவளுக்கு எங்க கஷ்டம்னு தெரியாது. நீங்க ப்ளஸ் டூ தமிழ் மீடியம். இங்கிலீஷு கம்பெனில பேசற இங்கிலீஷு. எங்க புள்ளைங்களும் அப்படித்தான் வருது. நீங்க படிங்க. எந்த எடத்துல ரெண்டாந்தடவ படிக்கணும்னு தோணுதோ, அங்க ஒரு டிக்கு போடுங்க. அவ்ளோதான்."

"அர்த்தம் தெரியலன்னா உன்ன கேக்கலாம் இல்ல?"

"கேக்கக் கூடாது. கேட்டா நான் சொல்லிடுவேன். அப்புறம் புரிஞ்சது புக்காலயா என்னாலயான்னு தெரியாது." பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்துச் சிரித்தாள். "அந்தப் பேனா வேணாம். அழியாது. பென்சில் எடுத்துக்குங்க."

நீலப் புத்தகத்தை மதியழகன் ஒழுங்காகப் படித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினம் முக்கால் மணி நேரம், ஒரு மாதம், ஐந்து பாடம். நாற்பத்தொரு இடத்தில் நின்றார். ஒரு கணக்கில் யாரோ காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்கினார்கள். பலகை எதற்கு, விழுந்துவிட மாட்டானா என்பதிலேயே அவர் மாட்டிக்கொண்டு கணக்குக்குப் போகவே இல்லை. பூர்ணிமா அந்தக் குறியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பழைய புக்குலயும் இதே கணக்கு இருக்குது. ஆறு வருஷமா போர்ட்ல போடறேங்க. ஒரு புள்ள கூட கேக்கல," என்றாள்.

சிவப்பை ஆரம்பிக்கிற நேரத்தில் கம்பெனியில் ஷிப்மென்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு வர எட்டு மணி, எட்டரை. கண்ணெல்லாம் வீங்கிப்போய் வருவார். பூர்ணிமா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டது ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் கறி வாங்கப் போயிருந்தபோது மதியழகன் சிவப்புப் புத்தகத்தைத் திறந்தார். ஷிப்மென்ட் நெருக்கடியில் பேக்கிங் ஆட்களுக்கு எல்லா ஷூ பெட்டியையும் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. பத்துக்கு ஒன்று பிரித்துப் பார்த்து மற்றதை விட்டுவிடுவார்கள். தினம் பார்த்த அந்த வழக்கத்திலேயே கை போனது. பத்தாம் பக்கத்தில் ஒரு குறி, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. ஐந்து பாடத்துக்குப் பன்னிரண்டு குறி. ஒரு வரி படிக்கவில்லை.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள்.

"சரி," என்றாள். "மொளகா அரைக்கணும், மிக்ஸிய எடுத்துக் குடுங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் அறிக்கை எழுதினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அரை மணி நேரம் தலை நிமிராமல் எழுதினாள். கவரில் போட்டு ஒட்டினாள். புதன்கிழமை கூட்டம். எதிரில் டி.வி. பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்த மதியழகனுக்கு மனசு கேட்கவில்லை. நாற்பத்தொன்றும் பன்னிரண்டும் என்றால் எது ஜெயிக்கும் என்று கணக்குப் போட இயற்பியல் தெரிய வேண்டாம். ஐந்து வருடத்துக்கு அந்தப் புத்தகம்தான். வருடத்துக்கு இருநூறு பிள்ளைகள். முதல் செமஸ்டரில் மாட்டிக்கொண்டு படிப்பை விட்டுவிட்டு கம்பெனிக்கு வருகிற பிள்ளைகளை அவர் தினமும் தையல் வரிசையில் பார்க்கிறவர்தான். காலையில் காபி குடிக்கும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குப் பூர்ணிமா மோட்டார் போட எழுந்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தொட்டி நிறைந்து சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுத்தான் மதியழகன் எழுந்துவந்தார். மோட்டாரை நிறுத்தக் கூடவா தோணல என்று எரிச்சலோடுதான் வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவருடைய தோளில் கை வைத்தார்.

பத்து மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்தார்கள். துறைத்தலைவர் தௌசீப் அகமது மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு மதியழகனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு மீட்டிங் சார். வெளியூர்லேர்ந்து மெம்பர்ஸ் கிளம்பிட்டாங்க. நிறுத்த முடியல," என்றார் தாழ்ந்த குரலில். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மேடம் ரிப்போர்ட் முடிச்சிட்டதா நேத்து மெசேஜ் போட்டிருந்தாங்க. அவங்க என்ன எழுதியிருந்தாலும் அதுதான் ஃபைனல்னு எல்லாரும் பேசிட்டோம். அவங்க தேர்ந்தெடுத்த புக்குன்னு இருக்கட்டும். நாங்க வேற இன்னா செய்யப்போறோம் அவங்களுக்கு."

மதியழகன் தலையை மட்டும் ஆட்டினார். கூட வந்திருந்த சுகரா பேகம், பூர்ணிமாவோடு பதினெட்டு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தவர், தௌசீப் அகமதுவைப் பார்த்து, "அப்புறம் சார்," என்றார். மேஜைமேல் பூர்ணிமாவின் கைப்பை இருந்தது. அதன் வாயிலிருந்து பழுப்புக் கவரின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதியழகன் வேறு பக்கம் பார்த்தார்.

பெங்களூரிலிருந்து மகள் சங்கீதா பன்னிரண்டு மணி ரயிலில் வந்து சேர்ந்தாள். ஸ்டேஷனிலிருந்து அழாமல் வந்தவள், வாசலில் அம்மாவின் கல்லூரிச் செருப்பைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மதியழகன் எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்தார். மற்றக் கையில் புத்தகம் இருந்தது. மகளைக் கட்டிப்பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பது கூட அவருக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பெண்கள் நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்கள். எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். தையல் வரிசையில் மூன்றாவது மெஷின், ஜாஸ்மின் என்று பெயர். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

"நான் மேடம் ஸ்டூடண்ட் சார். ஒரு செமஸ்டர்," என்றாள்.

"தெரியாதும்மா. சொல்லவே இல்லையே."

"இன்னா சார் சொல்றது. ஃபெயிலாயிட்டு வந்தவ." அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மேடம் கிளாஸ்ல சொல்லச்சொல்ல எல்லாம் புரியும் சார். ஊட்டுக்குப் போயி புக்கத் தொறந்தா ஒண்ணும் புரியாது. புக்கு வேற யாருக்கோ எழுதுனமாரி இருக்கும். கேக்க ஊட்டுல யாரு இருக்கா. நானே படிப்ப நிறுத்திக்கினேன். மேடம் ரெண்டு வாட்டி ஊட்டாண்ட வந்து கூப்ட்டாங்க."

பூர்ணிமா இதை வீட்டில் சொன்னதில்லை. புத்தகம் பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும்தான் சொன்னாள்.

"டைம் ஆயிடிச்சி சார், வர்றேன்," என்று சொன்ன ஜாஸ்மின், வரேன் என்று சொல்லிவிட்டோமே என்று பதறி வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

இரண்டரை மணிக்குப் பெண்கள் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டினார்கள். சுமங்கலியாகப் போனவள் என்பதால் மஞ்சளும் குங்குமமும் பூவும் தட்டுத் தட்டாக உள்ளே போயின. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மதியழகன் நின்றிருந்தார். சுகரா பேகம் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்க வந்தார்.

"மேடம், ஒரு விஷயம்," என்றார் மதியழகன்.

"சொல்லுங்கண்ணா."

"அந்த ரிப்போர்ட்ட நாளைக்கு வெக்க வேணாம்."

சுகரா பேகம் குழாயை மூடினார்.

"அதுல தப்பு இருக்குது. பூர்ணி தப்பு இல்ல, என் தப்பு." அவர் புத்தகத்தை நீட்டினார். "இதுல இருக்கற டிக்கெல்லாம் நான் படிச்சிட்டுப் போட்டது இல்ல. ஒரு வரி படிக்கல. சும்மா போட்டேன். அவ அத நம்பி எழுதிட்டா. இன்னிக்குக் காலைல சொல்லிடலாம்னு இருந்தேன்."

முப்பது வருடத்தில் ஒரு தோலைப் பார்க்காமல் பாஸ் செய்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவர். ஒரு பழைய மாட்டுத்தோலுக்குக் கொடுத்த மரியாதையைப் பெண்டாட்டி கேட்டதற்குக் கொடுக்கவில்லை. அவமானமாக இருந்தது. செத்துப்போனவளை ஏமாற்றிவிட்டுக் கும்பிட்டு அனுப்புவதா என்று நினைத்தபோது முதல் தடவையாக அன்றைக்கு அவருக்கு அழுகை வந்தது.

சுகரா பேகம் உள்ளே போய்க் கைப்பையிலிருந்த கவரை எடுத்துவந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார். ஒரே ஒரு தாள். நின்றபடியே படித்தார். தாளை மதியழகனிடம் கொடுத்தார்.

"நீங்களே படிங்கண்ணா."

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். மதியழகன் எந்த இடத்திலும் நிற்காமல் படித்தார்.

நீலப் புத்தகத்தில் வாசகர் நாற்பத்தொரு இடத்தில் நின்றிருக்கிறார், பட்டியல் பின்பக்கம் என்று இருந்தது. அதற்குக் கீழே: 'சிவப்புப் புத்தகத்தில் உள்ள குறிகள் சரியாகப் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக விழுந்திருக்கின்றன. யாரும் அவ்வளவு ஒழுங்காகத் தடுக்கி விழுவதில்லை. வாசகருக்கு இந்த மாதம் தொழிற்சாலையில் வேலை அதிகம். அவர் கவனமான வாசகர், நேரம் கொடுத்தால் படித்துவிடுவார். அவருக்கு இரண்டு வாரம் வேண்டும். அதுவரை முடிவைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே அவள் கையெழுத்து, தேதி.

அவர் இன்னொரு தடவை படித்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டியதும், சரி என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்தச் சரியில் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. மிளகாய் அரைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

"அன்னிக்கே தெரிஞ்சிருக்கு," என்றார்.

"அவளுக்குத் தெரியாதா," என்றார் சுகரா பேகம். "லேப்ல ரீடிங் எடுக்காம எழுதற புள்ளைங்கள இப்படித்தான் பிடிப்பா. எல்லாம் ஒரே சீரா இருந்தா, 'இது அளந்தது இல்ல'ன்னு சொல்வா. திட்ட மாட்டா. இன்னொரு தடவ எடுத்துட்டு வான்னு அனுப்புவா." தாளை மடித்துக் கவரில் வைத்தார். "தௌசீப் சார்கிட்ட நான் பேசிக்கறேன். அவ எழுதினதே ஃபைனல்னு அவர்தான சொன்னாரு. ரெண்டு வாரம்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மதியழகன் புத்தகத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டுப் போனார். பூர்ணிமாவுக்குக் கல்யாணப் புடவை கட்டியிருந்தார்கள். மஞ்சள் பூசிய முகம் ஈரமாக இருந்தது. நெற்றியில் வைக்கச் சொல்லிக் குங்குமச் சிமிழை நீட்டினார்கள். வைத்தார். கண்ணாடி இல்லாத முகத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் அப்படியே இருந்தது. அதையும் விரலால் ஒரு தடவை தொட்டார்.

பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மூன்று கைப்பிடி மண் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். மேளக்காரர்கள் பாதிவழியிலேயே பிரிந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்து முடித்தபோது ஐந்தரை மணி. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் தலைமாடு இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஐஸ் பெட்டிக்கு அண்டக் கொடுத்த அட்டை ஈரத்தில் ஊறி அந்தப் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. சங்கீதா உள்ளறையில் அழுது அழுது தூங்கிப்போயிருந்தாள்.

மதியழகன் கொல்லைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். அட்டையில் தண்ணீர் தெறித்திருந்தது, வேட்டி நுனியால் துடைத்தார். பூர்ணிமாவின் டப்பாவிலிருந்து பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார். முதலில் பன்னிரண்டு குறிகளையும் தேடித் தேடி அழித்தார். ரப்பர் தூளை ஊதித் தள்ளினார்.

சாவு வீட்டில் தலை கூடக் காயாமல் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்திருப்பவரை வாசலில் இருந்த சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். வேதாசலம் எழுந்து உள்ளே வந்தார். ஏதோ சொல்ல வந்தவர், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, மேஜைக்கு மேலே இருந்த விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

முதல் பாடம் அளப்பதைப் பற்றி. மூன்று பக்கம் தடையில்லாமல் போனது. நான்காவது பக்கத்தில், நிறை வேறு, எடை வேறு என்று இருந்தது. வருடக்கணக்கில் அரிசியும் பருப்பும் எடை போட்டு வாங்கியவருக்கு அது எப்படி என்று பிடிபடவில்லை. இரண்டாம் தடவை படித்தார். தலை தானாகவே சமையலறைப் பக்கம் திரும்பியது. வாய் பாதி திறந்திருந்தது.

கேட்கக் கூடாது.

பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டார். அடுத்த வரிக்குப் போனார். இரண்டாவது குறி ஏழாம் பக்கத்தில் விழுந்தது. பத்தாம் பக்கத்தில், அழித்த இடத்தின் தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அங்கே இருந்த வரியை மெதுவாகப் படித்தார். அது புரிந்தது. பக்கத்தைப் புரட்டினார்.